பியானோவுடன் ஹைடன் ட்ரம்பெட் கன்செர்ட்டோ: மேடைக்குத் தயாராவது எப்படி

ட்ரம்பெட் வாசிப்பவர் எவரும் சில வருடங்களில் வந்து சேரும் இடம், இசையமைப்பாளர் ஹைடன் 1796ல் எழுதிய ஈ-பிளாட் மேஜர் கன்செர்ட்டோ, அதாவது ஒரு கருவி முன்னால் நிற்க ஆர்கெஸ்ட்ரா துணை வாசிக்கும் படைப்பு. மூன்று பகுதிகள், மொத்தம் சுமார் பதினைந்து நிமிடம். ஆர்கெஸ்ட்ராவோடு அதை வாசிக்கும் வாய்ப்பு மிகச் சிலருக்குத்தான் கிடைக்கும். மற்ற எல்லோருக்கும் பியானோதான் ஆர்கெஸ்ட்ரா.

பெரும்பாலானவர்கள் தயாராகும் விதம் ஒன்றுதான். ட்ரம்பெட் பிரதியை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெட்ரோனோமுடன் சாதகம் செய்வார்கள். கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பியானோ வாசிப்பவரைத் தேடுவார்கள். முதல் ரிகர்சலில்தான் தெரியவரும், தனியாக வாசித்தபோது இருந்த வேகம், மூச்சு, சுருதி எதுவும் பியானோவோடு பொருந்தவில்லை என்று. இந்த வழிகாட்டி எதிர்த்திசையில் போகிறது. பியானோ பிரதியில் தொடங்கி ட்ரம்பெட்டுக்கு வருகிறது. ஹம்மல் என்ற இசையமைப்பாளரின் ட்ரம்பெட் கன்செர்ட்டோ உட்பட பியானோ துணையோடு வாசிக்கும் எந்தப் படைப்புக்கும் இதே வரிசை செல்லும். ஹைடனை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம், எல்லோர் கையிலும் அது இருக்கிறது என்பதுதான்.

பிரதி வாங்கும்போது

எட்டு வாரம் கையில் இருந்தால் நிம்மதி. ஆறு வாரத்துக்குக் குறைந்தால் மூன்று பகுதிகளையும் மேடையேற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, முதல் பகுதியை மட்டுமோ, இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தோ வாசியுங்கள். மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று என்று அந்த ஜோடி மேடையில் நன்றாகவே நிற்கும்.

பல பதிப்புகளில் பி-பிளாட் ட்ரம்பெட்டுக்கு ஒன்று, ஈ-பிளாட் ட்ரம்பெட்டுக்கு ஒன்று என்று இரண்டு பிரதிகள் இருக்கும். இந்த ட்ரம்பெட்டுகளில் எழுதிய சுரமும் காதில் ஒலிக்கும் சுரமும் வேறு, அதனால் பி-பிளாட் பிரதி எஃப் மேஜரிலும், ஈ-பிளாட் பிரதி சி மேஜரிலும் அச்சாகியிருக்கும். பியானோ பிரதி இரண்டுக்கும் ஒன்றே. ஈ-பிளாட் ட்ரம்பெட் சிறியது. மேல் சுரங்கள் கொஞ்சம் உறுதியாகக் கிடைக்கும், ஒலியும் மெலிந்து இந்த இசைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் அதன் சுருதிப் போக்கு வேறு, காது பழக மாதங்கள் ஆகும். கச்சேரிக்காக யாரிடமோ இரவல் வாங்கி வந்து வாசிக்கும் கருவி இல்லை அது. பழகிய பி-பிளாட்டே போதும்.

இன்னொன்று. உங்கள் பிரதியும் பியானோ பிரதியும் ஒரே பதிப்பகத்தினுடையதாக இருக்கட்டும். இணையத்தில் கிடைத்த ட்ரம்பெட் பிரதியையும் எங்கிருந்தோ நகலெடுத்த பியானோ பிரதியையும் வைத்துக்கொண்டால், ரிகர்சல் எழுத்துகள் (இடம் காட்ட அச்சிட்ட ஏ, பி, சி) ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. "எஃப்-லேர்ந்து போவோம்" என்று நீங்கள் சொல்ல, அவர் வேறெங்கோ போய் நிற்பார். எப்படியானாலும் இரண்டு பிரதியிலும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பார் (துடிப்புகளின் ஒரு சுற்று) எண்ணைப் பென்சிலால் எழுதிவிடுங்கள்.

ட்ரம்பெட்டைத் தொடாத முதல் வாரம்

முதல் சில நாள்கள் பியானோ ஸ்கோரை மட்டும் எடுத்து வைத்து, ஆர்கெஸ்ட்ராவுடன் வாசித்த ஒரு நல்ல ஒலிப்பதிவைக் கேட்டபடி விரலால் வரி பிடித்துப் போங்கள். உங்கள் வரியை நிறையக் கேட்டிருப்பீர்கள். இப்போது கவனிக்க வேண்டியது மற்றதை. நீங்கள் ஓய்வில் இருக்கும்போது மெட்டு யார் கையில் இருக்கிறது? நீங்கள் நீளமாகப் பிடிக்கும் சுரத்துக்கு அடியில் என்ன நகர்கிறது? பியானோவின் இடது கை எங்கே மாறுகிறது? நீங்கள் நுழைவதற்கு முந்தைய இரண்டு பாரில் காதில் விழும் அடையாளம் என்ன? அந்த அடையாளத்தைச் சின்ன சுரங்களாக உங்கள் பிரதியில் ஓய்வுப் பார்களுக்கு மேலே எழுதிக்கொள்ளுங்கள். இருபது பார் ஓய்வை விரல்விட்டு எண்ணுவதைவிட இது பாதுகாப்பு.

இந்தப் படைப்பின் பின்னணியும் இங்கே உதவும். ஹைடன் இதை வியன்னாவில் ட்ரம்பெட் வாசித்த ஆன்டன் வைடிங்கருக்காக எழுதினார். அவரிடம் இருந்தது குழாயில் துளையிட்டு மூடிகள் பொருத்திய ட்ரம்பெட். வால்வ் அப்போது வரவில்லை. அதற்கு முந்தைய ட்ரம்பெட்டில் தாழ்ந்த பகுதியில் சுரங்களுக்கு இடையே பெரிய இடைவெளி. அங்கே படிப்படியாக ஏறும் மெட்டு எதையும் வாசிக்க முடியாது, முழக்கம் மட்டும்தான். ஹைடன் என்ன செய்தார்? தொடக்க ஆர்கெஸ்ட்ரா பகுதியில் 8ஆவது பாரில் ட்ரம்பெட்டுக்கு ஒரே ஒரு சுரம், 13ஆம் பாரிலிருந்து ஒரு சின்ன முழக்கம், இவ்வளவுதான் கொடுத்தார். பழைய ட்ரம்பெட்டும் வாசிக்கக்கூடியவை. பிறகு 37ஆம் பாரில் அமைதியாக, தாழ்ந்த இடத்தில், அடுத்தடுத்த சுரங்களாக மெட்டு ஏறுகிறது. 1800 மார்ச் 28ல் வியன்னாவின் பர்க் தியேட்டரில் இதை முதன்முறை கேட்டவர்களுக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அதனால் 37ஆம் பாரை முரசு கொட்டுவது போல ஆரம்பிக்காதீர்கள். அது பாட்டு. 13ஆம் பார் முழக்கத்துக்கும் 37ஆம் பார் பாட்டுக்கும் உள்ள வேறுபாடு கேட்பவருக்குத் தெரிந்தால் முதல் பகுதியில் பாதி வேலை முடிந்தது.

எதை வெட்டுவது, எதை விடுவது

பியானோவுடன் வாசிக்கும்போது நீண்ட ஆர்கெஸ்ட்ரா பகுதிகளைச் சுருக்குவது வழக்கம். தேர்வு என்றால் சுருக்கித்தான் ஆக வேண்டும். கச்சேரியில் அது உங்கள் முடிவு. கணக்கு போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 120 துடிப்பு வேகத்தில், 37ஆம் பாருக்கு முன் வரும், நான்கு துடிப்புள்ள 36 பார்களுக்கு 72 விநாடி. ஒன்றேகால் நிமிடம்கூட இல்லை. சபை பொறுமை இழக்கும் நேரமல்ல அது. நான் சொல்வேன், தொடக்கத்தை வெட்டாதீர்கள். அந்த 8ஆம் பார் சுரத்தையும் முழக்கத்தையும் விடாமல் வாசியுங்கள். சில பதிப்புகளில் அவை சிறிய எழுத்தில் இருக்கும், பலர் தாண்டிப் போவார்கள். ஆனால் அரங்கம் எப்படி எதிரொலிக்கிறது, உதடு எப்படி இருக்கிறது, சுருதி எங்கே நிற்கிறது எல்லாம் அந்த ஐந்தாறு பாரில் தெரிந்துவிடும். 37ஆம் பாரில் முதன்முறையாக ஊதத் தொடங்குவதைவிட எவ்வளவோ மேல்.

நடுவில் வரும் ஆர்கெஸ்ட்ரா பகுதிகளைச் சுருக்கலாம். எங்கே ஒட்டினால் சுரச்சேர்க்கை இயல்பாகச் சேரும் என்பதை பியானோ வாசிப்பவர் முடிவு செய்யட்டும், அவருக்குத்தான் அது கையில் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த ஓய்வுகள் உங்கள் உதட்டுக்காகவும்தான் இருக்கின்றன. பத்துப் பாரை நான்காக்கினால் நிகழ்ச்சி பன்னிரண்டு விநாடி குறையும், உதட்டுக்கு ரத்தம் திரும்பும் நேரமும் குறையும். வெட்டை முடிவு செய்த பிறகு அந்த வடிவத்திலேயே முழுதாக வாசித்துப் பார்க்காமல் உறுதி செய்யாதீர்கள்.

சாதகம்: கடைசிப் பகுதியிலிருந்து

எல்லோரும் முதல் பகுதியை நூறு தடவை வாசித்திருப்பார்கள், மூன்றாவதைப் பத்துத் தடவை. காரணம், உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதுதான். மூன்றாவதுக்கு வரும்போது உதடு சோர்ந்திருக்கும், "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று மூடிவைப்போம். தலைகீழாகப் போங்கள். புதிய உதட்டோடு மூன்றாவது பகுதி, அப்புறம் இரண்டாவது, கடைசியில் முதலாவது. மேடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது சரியான வரிசைக்கு மாறினால் போதும்.

எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்களோ அவ்வளவு நேரம் ஓய்வு. இது பழைய விதி, இதை மீறுபவர்களைத்தான் மேல் சுரத்தில் மவுத்பீஸை உதட்டில் அழுத்திக்கொண்டு முகம் சிவக்க நிற்பதைப் பார்க்கிறோம். ஓய்வு நேரத்தில் பியானோ வரியைப் பாடுங்கள், அல்லது வால்வை மட்டும் அழுத்தி விரலுக்குப் பழக்குங்கள்.

தினமும் தொடக்கத்தில் மெல்லிய நீள சுரங்கள், உதட்டு ஸ்லர்கள் (நாக்கைப் பயன்படுத்தாமல் உதட்டால் சுரம் மாற்றுவது), பிறகு இந்தப் படைப்புக்குத் தேவையான ஸ்கேல்கள். பி-பிளாட் பிரதியில் எஃப் மேஜரும் பி-பிளாட் மேஜரும் எல்லோரும் வாசிப்பதுதான். டி-பிளாட் மேஜரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பகுதி, காதுக்கு ஏ-பிளாட் மேஜரில் தொடங்கி நடுவில் சி-பிளாட் மேஜர் வரை போகிறது, உங்கள் பிரதியில் அது டி-பிளாட். பயிற்சி இல்லாதவர் விரல் தடுமாறுவதும் சுருதி நழுவுவதும் அந்த இடத்தில்தான்.

சுரத்தைத் தொடங்கி வைக்கும் நாக்கு விஷயத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'ட' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்தால் தொடக்கம் தடித்துவிடும். 'த' சொல்லும் இடத்தில், மேற்பல்லின் பின்புறம் வைத்தால் இந்த இசைக்குத் தேவையான லேசான, தெளிவான தொடக்கம் கிடைக்கும். மூன்றாவது பகுதியின் வேகமான இடங்களில் ஒற்றை நாக்கு எட்டாவிட்டால் தூ-கூ என்று இரட்டை நாக்கு. 'கூ' பலவீனமாக இருக்கும், ஆகவே கூ-கூ-கூ என்று தனியாக ஸ்கேல் வாசித்துப் பழகுங்கள்.

ட்ரில்லை (பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) மேல் சுரத்திலிருந்து தொடங்குவதா, எழுதிய சுரத்திலிருந்தா என்று வாதம் நடந்துகொண்டே இருக்கும். ஹைடன் காலத்துக்கு மேல் சுரம் என்பது பரவலான கருத்து, நானும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆனால் இதைவிட முக்கியம் ட்ரில் எப்படி முடிகிறது என்பது. பியானோ உங்களோடு அடுத்த பாரில் இறங்குவது அந்த முடிவைக் கேட்டுத்தான். முடிவுச் சுரங்களை எப்போதும் ஒரே விதமாக வாசியுங்கள்.

கடென்சா

முதல் பகுதியின் இறுதியில் கடென்சாவுக்கு (துணை நின்றுவிட, ட்ரம்பெட் தனியாக வாசிக்கும் இடம்) இடம் விட்டாரே தவிர, ஹைடன் அதை எழுதி வைக்கவில்லை. உங்கள் பதிப்பில் அச்சாகியிருப்பது வேறொருவர் எழுதியது. பிடிக்காவிட்டால் மாற்றலாம், நீங்களே எழுதலாம். எழுதுவதானால் முதல் பகுதியின் மெட்டிலிருந்தே எடுங்கள், அரை நிமிடம் முக்கால் நிமிடத்துக்குள் முடியுங்கள். உங்களால் எட்ட முடிந்த மிக உயர்ந்த சுரத்தை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள், இன்னும் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. கடைசியில் ட்ரில்லோடு இறங்குங்கள். கடென்சாவின் கடைசி இரண்டு வரியைப் பியானோ பிரதியில் கையால் எழுதிக் கொடுங்கள். "எப்ப முடியும்னு தெரிஞ்சுக்கிடுவாங்க" என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

பியானோ வாசிப்பவருடன்

குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பு பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். வெட்டுகள், மூச்சு விடும் இடங்கள், நீங்கள் நினைக்கும் வேகம் எல்லாம் குறித்த பிரதி. வேகத்தை எண்ணாக எழுதுங்கள். முதல் பகுதிக்கு 120ஐ ஒட்டி என்பது பலருக்கும் ஒத்துவரும். ஆர்கெஸ்ட்ராவிலிருந்து பியானோவுக்குச் சுருக்கிய பிரதிகள் கைக்கு வசதியாக எழுதப்பட்டவை அல்ல. வயலின் வில்லுக்கு எளிதான திரும்பத் திரும்ப வரும் சுரங்கள் பியானோவில் மணிக்கட்டை நோகடிக்கும். அவர் சில சுரங்களை விட்டு எளிமையாக்கினால் அது குறையல்ல. அடிச்சுரமும் தாளமும் இருந்தால் போதும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது மரியாதை.

முதல் ரிகர்சலில் முழுதாக வாசித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இணைப்புகளை மட்டும் எடுங்கள். 35ஆம் பாரிலிருந்து 40 வரை, கடென்சாவின் முடிவு, இரண்டாவது பகுதியின் தொடக்கம், மூன்றாவதில் நீங்கள் விட்டு அவர் எடுக்கும் ஒவ்வொரு இடமும். நடுவில் உள்ள நீண்ட பகுதிகள் தாமாக ஓடும், உடைவது இணைப்புகளில்தான்.

இரண்டாவது பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு-எட்டு தாளத்தில் மெல்ல ஆடும் மெட்டு. அடுத்த வருடம் ஹைடன் பேரரசர் இரண்டாம் பிரான்சிஸுக்காக எழுதிய வாழ்த்துப் பாடலின் சாயல் இதன் தொடக்கத்தில் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். அந்த மெட்டுதான் இன்று ஜெர்மனியின் தேசிய கீதம். ஆர்கெஸ்ட்ராவில் வயலின்கள் வில்லால் சுரத்தைப் பிடித்து நிறுத்தும். பியானோவில் அடித்த சுரம் அந்தக் கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். அதனால் ஒலிப்பதிவில் கேட்ட வேகத்திலேயே வாசித்தால் அடியில் வெற்றிடம் தெரியும். கொஞ்சம் நகர்த்தி வாசியுங்கள், மூச்சுக்கும் அது எளிது. இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. மெட்ரோனோமை வைத்து எடுக்க முடியாது. அறையில் அந்தப் பியானோவைக் கேட்டுத்தான்.

தொடக்கச் சைகைக்குத் தலையை ஆட்டவோ ட்ரம்பெட்டைத் தூக்கவோ தேவையில்லை. உள்ளிழுக்கும் மூச்சு தாளத்தில் இருந்தால் போதும். ஒரு முழுத் துடிப்பில் இழுத்து அடுத்த துடிப்பில் ஊதினால், நல்ல பியானோ கலைஞர் உங்களைப் பார்க்காமலே கூட வருவார்.

சுருதி

பியானோ நகராது, நீங்கள்தான் நகர வேண்டும். ட்ரம்பெட் குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும் (அரைச்சுரம் என்பது 100 சென்ட்). பியானோவின் கம்பி அப்படி ஏறாது, சூட்டில் சற்று இறங்கவே பார்க்கும். மதியம் காலியான அரங்கில் ஏசி முழுவீச்சில் ஓடும்போது சேர்த்த சுருதி, மாலையில் ஆட்கள் நிறைந்து விளக்குகள் எரியும்போது செல்லாது. ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் வளைகுழாய்) 1 செ.மீ. இழுத்தால் குழாய் போக வர 2 செ.மீ. நீளும். சுமார் 148 செ.மீ. நீளமுள்ள பி-பிளாட் ட்ரம்பெட்டில் அது 20 சென்டுக்கு மேல் இறக்கும். அதாவது மேடையில் தேவைப்படும் திருத்தம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான்.

ஒரே சுரத்தை வைத்துச் சுருதி சேர்க்காதீர்கள். உங்கள் சி, அதன் கீழ் ஜி, மேல் ஜி மூன்றையும் பியானோவோடு ஒப்பிடுங்கள். இதையும் தாண்டிக் கருவியின் பிறவிக்குணம் ஒன்று இருக்கிறது. சுரக்கோடுகளின் நாலாவது இடைவெளியில் எழுதப்படும் ஈ, வால்வ் அழுத்தாமல் வாசித்தால், ஐந்தாவது ஒத்திசைச் சுரம், அதாவது குழாய் இயல்பாகத் தரும் சுரவரிசையில் ஐந்தாவது. இயற்கையில் அது பியானோவின் சுரத்தைவிட 14 சென்ட் தாழ்வு. அதற்குக் கீழே உள்ள ஈ-பிளாட்டும் டியும் அதே குடும்பம். எஃப் மேஜரில் அந்த ஈதான் எஃப்புக்கு இட்டுச்செல்லும் சுரம், தாழ்ந்தால் உடனே காதில் உறுத்தும். நீளமாகப் பிடிக்கும் இடங்களில் முதல் இரண்டு வால்வையும் சேர்த்து அழுத்தி அதே ஈயை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும். நேர்மாறாகத் தாழ்ந்த டியும் டி-பிளாட்டும் ஏறி நிற்கும், மூன்றாம் வால்வ் ஸ்லைடை இடது கை விரலால் தள்ள வேண்டும். அந்த ஸ்லைடு ஓடாமல் இறுகிக் கிடந்தால் இன்றே கிரீஸ் போடுங்கள்.

நம் ஊர் மேடைகளில் பெரும்பாலும் கிடைப்பது டிஜிட்டல் பியானோ. சுருதி மாறாது, அது நல்லது. ஆனால் முன்னால் வாசித்தவர் யாராவது ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அரைச்சுரம் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார். தொடங்கும் முன் அதைப் பாருங்கள். ஸ்பீக்கர் சபையைப் பார்த்து இருந்தால் உங்களுக்குப் பியானோ கேட்காது, சுருதியும் தாளமும் இரண்டுமே போகும். உங்கள் பக்கம் ஒரு மானிட்டர் வேண்டும் என்று ஒலி அமைப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள், ட்ரம்பெட்டுக்கு மைக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசி வாரம்

ஏழு நாள்களுக்கு முன் ஒருமுறை, கச்சேரி நடக்கும் அதே நேரத்தில், அதே உடையில், நான்கைந்து பேர் முன்னால் முழுதாக வாசியுங்கள். நிறுத்தக் கூடாது. செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், அதே இரவில் வேண்டாம். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் வாசிக்கும் அளவைக் குறையுங்கள். முந்தைய நாள் மெல்லிய வார்ம்-அப், கடினமான இடங்கள் பாதி வேகத்தில், அவ்வளவுதான். புது மவுத்பீஸ் வாங்க இது வாரமில்லை. மவுத்பீஸைக் கழுவி, வால்வுக்கு எண்ணெய் விட்டு, எண்ணெய்ப் புட்டியைப் பெட்டியிலேயே வையுங்கள்.

மேடையில்

பியானோவின் வளைவுக்கு அருகில், அவர் உங்களைத் தலை திருப்பாமல் பார்க்கும்படி நில்லுங்கள். ட்ரம்பெட்டின் வாய் சபையைச் சற்றுச் சாய்வாகப் பார்க்கட்டும், அவர் காதுக்கு நேராக வேண்டாம். ஸ்டாண்டைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தினால் ஒலி தாளில் மோதி உங்களிடமே திரும்பும். கிராண்ட் பியானோ என்றால் மூடியைப் பாதியாவது திறக்கச் சொல்லுங்கள். ட்ரம்பெட் மூழ்கடித்துவிடும் என்று பயந்து மூடிவைத்தால் பியானோ மங்கும், உங்களுக்கும் கேட்காது.

தொடக்க 36 பாரில், 8ஆம் பார் சுரமும் முழக்கமும் போக மற்ற நேரம் ட்ரம்பெட்டைக் கீழே பிடித்து, இசையைக் கேட்டபடி நில்லுங்கள். நுழைவுக்கு இரண்டு பார் முன்பே தூக்கிவிடுங்கள். ஓய்வில் வால்வை மௌனமாக அசைத்துக்கொண்டே இருப்பதும், உதட்டை நக்கிக்கொண்டே இருப்பதும் சபைக்குப் பதற்றத்தைக் கொடுக்கும். எங்காவது இடம் தவறினால் நீங்கள் நிற்காதீர்கள், பின்னோக்கிப் போகாதீர்கள். பியானோ உங்களைப் பிடித்துக்கொள்ளும் என்பது ரிகர்சலிலேயே பேசி வைத்த ஒப்பந்தமாக இருக்கட்டும். பகுதிகளுக்கு இடையே ட்ரம்பெட்டுக்குள் சேர்ந்த தண்ணீரை வடித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பியானோ கலைஞர் பக்கம் புரட்டி நிமிரும் வரை காத்திருங்கள். யாரும் கடிகாரம் பார்க்கப் போவதில்லை.

கடைசிச் சுரம் முடிந்ததும் பியானோவின் ஒலி அடங்கும் வரை ட்ரம்பெட்டை இறக்காதீர்கள். கைதட்டல் தொடங்கியதும் முதலில் பியானோ கலைஞரை எழுந்து நிற்கச் சொல்லிக் கை காட்டுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து வணங்குங்கள். உள்ளே போனதும் பெட்டியில் வைத்துவிடாமல் ஐந்து நிமிடம் தாழ்ந்த சுரங்களை மிக மெல்ல ஊதி உதட்டைத் தளர்த்துங்கள். மறுநாள் காலை உதடு தடித்திருந்தால் அன்று முழுவதும் விடுமுறை.